பூ வேண்டுமென்றால் தட்டோடுதான்

கையை எத்தனை தடவை கழுவினாலும் செண்டுப்பூ வாடை போகமாட்டேன் என்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தேன். துணிக்கென்று அம்மா ஒளித்து வைத்திருக்கும் சவுக்காரத்தைக் கொஞ்சம் கிள்ளியும் பார்த்தாயிற்று. காலையிலிருந்து பறித்தது பூவைத்தான். ஒட்டிக்கொண்டதோ இலையின் வாடை. பாதி கற்பூரம், பாதி பச்சைப்புல், கடைசியில் லேசாக மருந்துக்கடை. மத்தியானம் கூழைக் கரைத்தேன், கூழிலும் செண்டு மணத்தது. இந்தக் கையோடுதான் உனக்கு எழுதுகிறேன். காகிதத்திலும் ஏறியிருக்கும். மோந்து பார்த்துக்கொள்.

இந்த மாதிரிக் கடிதத்தை ‘மறைந்த தோழிக்கு’ என்று தொடங்க வேண்டுமாம். தமிழ் ஐயாவிடம் கேட்டேன், அப்படித்தான் சொன்னார். மறைவதற்கு நீ என்ன சூரியனா, மறுநாள் காலையில் அந்தப் பக்கமாக எழுந்து வர? நீ செத்துப்போனாய். போன ஐப்பசி மழையில், காமாலையில், கண்ணெல்லாம் செண்டுப்பூ நிறமாகி, அரியலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துப்போனாய். மழுப்பமாட்டேன். உன் பேரையும் எழுதமாட்டேன். பேரை எழுதினால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடும். கூப்பிட்டு நீ வராமல் இருந்தால் எனக்குக் கோபம் வரும்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் உன் தோட்டத்தைக் காட்டி ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். செடி போனா என்ன, விதை இருக்குல்ல என்றார்கள். அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதையிலிருந்து செடி வரும். நீ வருவாயா? ஆறுதல் சொல்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்குக் கணக்கே தெரிவதில்லை.

சரி, தோட்டத்துக்கு வருகிறேன். தோட்டம் என்று நாம்தான் சொல்லிக்கொண்டோம். பார்க்கிறவர்களுக்கு அது பொட்டல். அரியலூரிலிருந்து சிமெண்ட் ஆலைக்குப் போகிற ரோட்டில், சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற வெள்ளைப் புழுதி நேராக வந்து படிகிற இடம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நம்முடைய காலனி. ஊர்ப் பேரைத்தான் விலாசத்தில் எழுதுகிறோம். ஆனால் ஊர்க்காரர்கள் என்றால் அது நாம் இல்லை. நல்ல மண்ணெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. நமக்குக் கிடைத்தது சுக்கான் மண். பேரிலேயே சுக்கு இருக்கிறது பார், அவ்வளவு காய்ச்சல். மண்வெட்டியால் வெட்டினால் ‘ணங்’ என்று பதில் சொல்லும். அதில்தான் பூச்செடி வைக்கப் போகிறேன் என்று நீ கிளம்பினாய். பல் குச்சியை நட்டுவைத்தால் அதாவது நிற்கும் என்று நான் சிரித்தேன்.

விதை வாங்க நமக்கு ஏது வழி? பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதோ கட்சிக் கூட்டம் நடந்து முடிந்த மறுநாள், பள்ளிக்கூடம் போகிற வழியில் நீ நின்றுவிட்டாய். மேடை பிரித்த இடத்தில் மாலைகள் குவிந்து கிடந்தன. காலையில் கட்டி, மாலையில் தலைவர் கழுத்தில் அரை நிமிஷம் தொங்கி, அடுத்த நாள் சாக்கடை ஓரம் வந்து சேர்ந்தவை. நீ குனிந்து அவற்றைப் பைக்குள் அள்ளினாய். யார் கழுத்துக்குடி இதெல்லாம் என்று கேட்டேன். “மண்ணு கழுத்துக்கு” என்றாய். வகுப்பில் உன் பையிலிருந்து அழுகல் வாடை வந்தது. சார் மூக்கைச் சுளித்தார். எலி செத்திருக்கும் சார் என்று நான்தான் உன்னைக் காப்பாற்றினேன். பாதி வகுப்பு பெஞ்சுக்கு அடியில் எலி தேடியது. பூகோளப் பாடம் அன்றைக்கு அத்தோடு போயிற்று. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பூகோளத்தில் எனக்குப் பூ மட்டும்தான் ஏறும், கோளம் ஏறாது.

வாடாமல்லி உருண்டையைக் கசக்கினால் பஞ்சுக்குள்ளே பழுப்பாய் விதை. கோழிக்கொண்டையை உதறினால் கடுகைவிடப் பொடிசாய்க் கருப்பு மினுக்கல். செண்டு விதை கருவாட்டு முள் மாதிரி. எல்லாவற்றையும் துணியில் முடிந்து பரணில் போட்டாய். மார்கழிப் பனியில் உன் அப்பாவின் கடப்பாரையை எடுத்து, அவர் சுண்ணாம்புக் கல்குழி வேலைக்குப் போகாத நாளாகப் பார்த்து, சுக்கான் பாறையில் குழி குழியாகப் போட்டோம். குட்டையில் காய்ந்து வெடித்துக் கிடந்த வண்டலைக் கூடையில் சுமந்து வந்து குழியை நிரப்பினோம்.

முதல் வருஷம் செடியைக் கெடுத்தது நாம்தான், செல்லம் கொடுத்து. காலனியில் எல்லாருக்கும் தெரிந்த விவசாயம் ஒன்றே ஒன்று: எருவைக் கொட்டு, தண்ணீரை ஊற்று. கூலிக்குப் போகிற கடலைக்காட்டில் அப்படித்தானே செய்யச் சொல்கிறார்கள். ஆட்டுப்புழுக்கையாகக் கொட்டினோம். அடி பம்பில் வரிசை நின்று குடம் குடமாக ஊற்றினோம். செடி இடுப்பு வரைக்கும் வளர்ந்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பூ மட்டும் இல்லை. உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, கோழிக்கொண்டை என்பது பண்ணைக்கீரைக்குப் பங்காளிதான், தெரியாதா என்று சொல்லி, ஒரு மடி கிள்ளிக்கொண்டு போய்ப் பூண்டு தட்டிப்போட்டு வதக்கிவிட்டாள். உன் தோட்டத்தை உனக்கே பரிமாறினாள். நீ அழுதுகொண்டே தின்றாய். ருசியாக வேறு இருந்தது, அதுதான் கொடுமை.

அடுத்த வருஷம் அடி பம்பு ரிப்பேர். குடிக்கவே ரோட்டைத் தாண்டிப் போக வேண்டும். பூச்செடிக்கு ஏது தண்ணீர்? பாத்திரம் அலசிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், செடிக்கு ஒரு கொட்டாங்கச்சி. வேர் சுடாமல் இருக்க மேலே கடலைத் தோலைப் பரப்பினாய். உடையார்பாளையத்துக்குக் கொட்டை பொறுக்கப் போன உன் சித்தி, ஒரு சாக்கு நிறைய முந்திரிச் சருகு கொண்டுவந்தாள், அதையும் போட்டாய். எரு ஒரு பிடிகூட இல்லை. செடி முழங்கால் உயரத்திலேயே நின்றுகொண்டது. நான் அதைக் கேலி செய்து முடிப்பதற்குள் பூத்துவிட்டது. மாசி வெயிலில், மற்ற செடியெல்லாம் வாயைப் பிளந்து கிடக்கும்போது, ஊதாவும் சிவப்பும் மஞ்சளுமாக.

“வயிறு நெறைஞ்சா தூங்குது. காயவச்சாத்தான் பூக்குது” என்றாய். அப்படியென்றால் நம்ம காலனி மொத்தமும் இந்நேரம் பூத்துக் குலுங்கியிருக்க வேண்டுமே என்றேன். நீ சிரிக்கவில்லை. நாமளும் பூப்போம், கிள்ளிவிடத்தான் ஆள் இல்லை என்றாய். ஏனென்றால் அந்த வருஷம் நீ கண்டுபிடித்திருந்த இன்னொரு வித்தை கிள்ளுவது. வளர்ந்து வருகிற கொழுந்தை நகத்தால் கிள்ளிவிடுவாய். ஒன்று இருந்த இடத்தில் ரெண்டு கிளை வரும். அதையும் கிள்ளினால் நாலு. பார்க்கிறவர்களுக்கு நீ செடியைச் சித்திரவதை செய்கிற மாதிரி இருக்கும்.

ரோட்டோரம் புழுதியில் தானாக முளைத்த நித்தியகல்யாணியைக்கூட நீ பிடுங்கவிடவில்லை. அதைச் சுடுகாட்டு மல்லி என்று சொல்லி யாரும் வீட்டில் வைக்கமாட்டார்கள். ஒரே செடிக்குக் கல்யாணமும் கருமாதியும் பேரிலேயே இருக்கிறது, இதைவிடச் சிக்கனமான செடி உண்டா என்று நான் கேட்டதற்கு நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சொன்னதில் உனக்குப் பிடித்தவை சொற்பம். அதனால்தான் நினைவிருக்கிறது.

மூன்றாவது வருஷம்தான் நம்முடைய வருஷம். மழை பொய்த்த வருஷம். ஊர்ப்பக்கத்துக் கிணறுகளில் கயிறு மட்டும்தான் இறங்கி ஏறியது. அவர்களுடைய மல்லிகைத் தோட்டமும் கனகாம்பரமும் கருகிப் போயின. அந்த நேரம் பார்த்து வந்தது பூச்சொரிதல். மாசிக் கடைசியில் தொடங்கிப் பங்குனி முடியும்வரை ஞாயிறுதோறும் மாரியம்மனுக்குப் பூவைக் கொட்டுகிற திருவிழா. வீட்டுக்கு ஒரு தட்டுப் பூ. தட்டைத் தலையில் வைத்துப் பொம்பளைகள் வரிசையாகக் கோயிலுக்குள் போய் அம்மன் மேல் சொரிவார்கள். ஊர்ப் பொம்பளைகள் என்று சேர்த்துப் படித்துக்கொள். நமக்கு அதில் இருந்த பங்கு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வது. நம் வீட்டு ஆண்களுக்குக் கொட்டடிக்கிற பங்கு. அம்மன் மழை கொடுத்தால் ரெண்டு பக்கமும்தான் பெய்கிறது. பூ மட்டும் ஒரு பக்கத்திலிருந்துதான் போக வேண்டுமாம்.

திருச்சியிலிருந்து பூ வரவழைத்தால் கட்டுப்படியாகாது. அப்போது யார் கண்ணிலோ பட்டுவிட்டது, ரோட்டோரம் நம் பொட்டலில் பற்றி எரிகிற சிவப்பும் ஊதாவும். பெரிய வீட்டுச் சின்னவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கோயில் காரியமெல்லாம் அந்த வீட்டுப் பொறுப்பு. உன் அம்மா களையெடுக்கப் போவதும் அவர்கள் கடலைக்காட்டுக்குத்தான். சின்னவர் இறங்கவில்லை. வண்டியை ரோட்டிலேயே உறுமவிட்டுக்கொண்டு, சனிக்கிழமை எல்லாப் பூவையும் பறித்து வை, ஆள் அனுப்புகிறேன், வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள் என்றார். உன் அம்மா இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை இறக்கிவிட்டு, வச்சிடறேங்க சாமி என்று முடிப்பதற்குள் நீ எழுந்து நின்றாய். முழங்கை வரைக்கும் மண்.

“பூ தர்றோம்ங்க. தட்டுல வச்சு நாங்களே கொண்டாரோம்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. எங்கே என்று கேட்டார். கோயிலுக்கு என்றாய். அவர் சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை. குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்பார்களே, அப்படி.

“அது வழக்கமில்லியே, புள்ள.”

“இந்த வெயில்ல பூக்கறதும் வழக்கமில்லீங்க. பூத்துருக்கு.”

சிரிப்பு நின்றது. மகளை அடக்கி வை என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். வண்டி போன பிறகும் புழுதி வெகுநேரம் இறங்கவில்லை. உன் அம்மா உன்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை, கெஞ்சினாள். பூ நாலு நாளில் வாடிப்போகும், வேலை போனால் வருஷம் பூராவும் வயிறு வாடும் என்றாள். “இது வாடாமல்லிம்மா” என்றாய். நான் சிரித்தேன். உன் அம்மா சிரிக்கவில்லை. உனக்கும் சிரிப்பு வரவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். உனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: உன் தட்டை நீயே தூக்கிக்கொண்டு, உள்ளே போய், உன் கையால் கொட்ட வேண்டும். அதற்கு உன் அம்மாவின் கூலியைப் பணயம் வைத்திருந்தாய். அது உனக்குத் தெரிந்தே இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கு முந்தின நாள் மத்தியானம், காலனியே வேலைக்குப் போயிருந்த நேரம், சின்னவர் வீட்டுக் கிடாய்கள் நம் தோட்டத்தில் இருந்தன. தானாக வரவில்லை. ரோட்டைத் தாண்டி, நேராக, வழி தெரிந்த மாதிரி ஓட்டிவரப்பட்டிருந்தன. நாம் விறகு பொறுக்கிவிட்டுத் திரும்பும்போது எல்லாம் முடிந்து, கருவேல நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. வாடாமல்லி மொட்டை. கோழிக்கொண்டை மொட்டை. செண்டை மட்டும் தொடவில்லை, அந்த வாடைக்கு ஆடுகூட மூக்கைத் திருப்பிக்கொள்ளும். நீ விறகுக்கட்டை இறக்கக்கூட மறந்து அப்படியே நின்றாய்.

எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது தெரியுமா? விருந்தாளி வந்து சாப்பிட்டுவிட்டு மரியாதை இல்லாமல் போகக்கூடாது என்று தோன்றியது. மீந்திருந்த செண்டையெல்லாம் பறித்துச் சணலில் கோத்தேன். கிடாய்க்கு ஒரு மாலை. சொம்பில் மஞ்சளைக் கரைத்து, வேப்பிலையை முக்கி ஒவ்வொன்றின் முதுகிலும் தெளித்தேன். தண்ணீர் பட்டால் எந்த ஆடுதான் சிலிர்க்காது? வரிசையாகச் சிலிர்த்தன. மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கிடாய் உடம்பைச் சிலிர்த்துவிட்டால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். அப்புறம் அது அவளுடைய கிடாய், சந்தைக்குப் போகாது. இது நம் வழக்கம் இல்லை, அவர்களுடைய வழக்கம். அப்படியே ரோட்டைத் தாண்டி விரட்டிவிட்டு, நான் ஓடிப்போய் எங்கள் வீட்டுக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஊர்த்தெரு முழுக்கக் கிடாய்கள் மாலையும் கழுத்துமாக, மஞ்சள் சொட்டச் சொட்ட, மாப்பிள்ளை ஊர்வலம் போயின. பொம்பளைகள் வாசலுக்கு வந்து கும்பிட்டார்களாம். பூசாரி வந்து பார்த்து, இனி இது ஆத்தா சொத்து என்று சொல்லிவிட்டார். அரியலூர்ச் சந்தைக்கென்று கொழுக்கவைத்த கிடாய்கள் அத்தனையும் போச்சு. சின்னவரால் வாயைத் திறக்க முடியவில்லை. காலனிக்காரிகள் செய்த வேலை என்று சொன்னால், உன் ஆடு காலனியில் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்பார்களே.

இதைச் சொல்லி உன்னைச் சிரிக்கவைக்கலாம் என்று சாயங்காலம் வந்தேன். நீ மொட்டைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாய். ஆடு கிள்ளினால் என்ன, நான் கிள்ளினால் என்ன, கிள்ளினது கிள்ளினதுதான் என்றாய். வேரை எதுவும் தொடவில்லை, கடைசி ஞாயிறுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாய். உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பங்குனி வெயில் ஏற ஏற, கடித்த இடத்திலெல்லாம் ரெண்டு ரெண்டாய், நாலு நாலாய்க் கிளை வெடித்தது. ஒரு பூ இருந்த செடியில் ஒரு கை பூ. சின்னவர் தன்னுடைய செலவில் நம் தோட்டத்தைக் கொழுந்து நறுக்கிக் கவாத்து பண்ணிக் கொடுத்திருந்தார். நன்றி சொல்லி ஆள் அனுப்பலாமா என்று கேட்டேன். வாயை மூடுடி என்றாய். ஆனால் அன்றைக்குச் சிரித்தாய்.

கடைசி ஞாயிறு. காலனிப் பொம்பளைகள் யார் வருவார்கள் என்று தெரியாது. நீ தட்டோடு கிளம்பினாய், பின்னால் நான், அப்புறம் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. உன் அம்மா மட்டும் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். ஊர்த்தெரு முகப்பில் கட்டை வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். வண்டிக்கு அந்தப் பக்கம் ஆண்கள். யாரும் கத்தவில்லை. போயிடுங்கம்மா, நல்ல நாளும் அதுவுமா என்றார் ஒருவர், நமக்காக ரொம்ப வருத்தப்படுகிற மாதிரி. வண்டிக்கு அடியில் நுழைந்து ஓடிவிடலாம் என்று நான் உன் காதில் சொன்னேன். குனிஞ்சு போறதுக்கா வந்தோம் என்று கேட்டாய். வெயிலில் நின்றோம். தட்டில் பூ வாடவில்லை. வாடாத பூவாகப் பார்த்துத்தானே வளர்த்திருந்தாய்.

சப்பரத்தில் அம்மன் எல்லை சுற்றக் கிளம்பிவிட்டாள் என்று கொட்டுச் சத்தம் சொன்னது. அவள் வெளியே வர அந்த முகப்பைத் தவிர வேறு வழி கிடையாது. நீ தட்டைத் தலையிலிருந்து இறக்கி, ஆத்தா என்று ஒரு சத்தம் போட்டு, பூவை அப்படியே வண்டிக்கு முன்னால் தெருவில் கொட்டினாய். நான் கொட்டினேன். எல்லாரும் கொட்டினார்கள். தெரு மண் தெரியவில்லை. அம்மன் பேர் சொல்லிக் கொட்டிய பூவில் கால் படக்கூடாது, விளக்குமாறு படக்கூடாது. சப்பரத்துக்கு வழிவிட வண்டியை அவர்களே நகர்த்தினார்கள். சப்பரம் வந்து நின்றது. தூக்கியவர்கள் எல்லாம் வெறுங்கால், மஞ்சள் வேட்டி. ஒருத்தர் கால்கூட எழவில்லை. சின்னவர் கூட்டித் தள்ளச் சொன்னார். கூட்ட யாரும் வரவில்லை. அவர் தோளிலும் சப்பரத்தின் பாரம் இருந்தது. அவர் காலும் சுட்டது. கடைசியில் ஊர்ப் பொம்பளைகள்தான் ஒவ்வொருத்தியாய்க் குனிந்து, பூவை முந்தானையில் அள்ளி, சப்பரத்தில் இருந்த அம்மன் மேல் போட்டார்கள். நம் பூவை. நம் பொட்டலில் காய்ந்து பூத்த பூவை. அம்மன் கழுத்து வரைக்கும் ஊதாவாக நின்றாள்.

ரோட்டைத் தாண்டித் திரும்பும்போது நான் ஆடிக்கொண்டே வந்தேன். ஜெயிச்சுட்டோம்டி என்று உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். நீ நின்றாய்.

“பூ உள்ள போயிருச்சு. நாம வெளியத்தான் நிக்கிறோம். உனக்கு அவங்க மூஞ்சி கோணுனா போதும். எனக்குப் போதாது.”

எனக்குச் சுருக்கென்றது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, காலித் தட்டை இடுக்கிக்கொண்டு உன் பின்னால் நடந்தேன்.

அடுத்த வாரமே உன் அம்மாவுக்குக் கடலைக்காட்டு வேலை போயிற்று. அவள் உன் அப்பாவோடு கல்குழிக்குப் போனாள். தலையில் கல் கூடை, மூக்கில் வாயில் வெள்ளைப் பொடி. ஒரு வார்த்தை உன்னைச் சொல்லவில்லை. அதுதான் உன்னை அறுத்தது என்று எனக்குத் தெரியும். அடுத்த வருஷம் உள்ளே போவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். காமாலை கண்ட பிறகும், கீழாநெல்லிச் சாற்றைக் குடித்து முகத்தைச் சுளித்துக்கொண்டே அதைத்தான் சொன்னாய். அடுத்த வருஷம் வந்துவிட்டது. நீதான் இல்லை.

செடி போட்டது நான். பயந்துவிடாதே, எரு போடவில்லை. நீ செய்த மாதிரியே கொட்டாங்கச்சித் தண்ணீர், கடலைத் தோல், நகத்தால் கிள்ளல். போன வாரம் ஊரிலிருந்து ஆள் வந்தது. இந்தத் தடவை வண்டி இல்லை, மிரட்டல் இல்லை, மரியாதை. காலனிப் பூவை ஏற்றுக்கொள்கிறார்களாம். தட்டுகளோடு முகப்பு வரைக்கும் வரலாமாம். அங்கே ஊர்ப் பொம்பளைகள் வாங்கிக்கொண்டு உள்ளே எடுத்துப் போவார்களாம். சண்டை சச்சரவு இல்லாமல் முடிந்துவிடும்.

அடி பம்புக்குப் பக்கத்தில் எல்லாரும் கூடிப் பேசினார்கள். பெரியவர்களுக்குச் சம்மதம்தான். இவ்வளவு இறங்கி வந்ததே பெரிது, நாமளும் கொஞ்சம் விட்டுக்கொடுப்போம் என்றார்கள். நாம் எதை எப்போது கையில் வைத்திருந்தோம் விட்டுக்கொடுக்க என்று எனக்கு எரிந்தது. எழுந்து, வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்கு நாம் என்ன தபால்காரர்களா என்று கேட்டேன். சிரித்தார்கள். எல்லாரும் நன்றாகச் சிரித்தார்கள். சிரித்து முடித்து, சரி அப்படியே செய்துவிடலாம் என்றார்கள். நீ சொன்னது அப்போது புரிந்தது. சிரிக்கவைப்பது எனக்கு வருகிறது. அது போதாமல் இருக்கிறது.

அப்போது உன் அம்மா எழுந்தாள். கல்குழியிலிருந்து நேராக வந்திருந்தாள். புருவமெல்லாம் வெள்ளை. கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

“எம் மவ வாசலக் கேக்கல. உள்ள கேட்டா. நான் தட்டோட உள்ள போறேன். வர்றவங்க வாங்க, வராதவங்க வூட்டுலயே இருங்க.”

சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு பொம்பளையாக எழுந்து, தட்டு யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

நாளைக்கு முதல் ஞாயிறு. நீ தூக்கியிருக்க வேண்டிய தட்டை உன் அம்மா தூக்குகிறாள். அவள் முன்னால், அடுத்து நான். முகப்பில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் தட்டைக் கொடுக்கப் போவதில்லை. திரும்பவும் வண்டியைக் குறுக்கே போட்டால் சக்கரத்தில் கால் வைத்து ஏறப் போகிறோம். அடிப்பார்களா, போலீஸ் வருமா, யாருடைய வேலை போகும், ஒன்றும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. எதையாவது செய்துவிட்டு ஓடிப்போய் ஒளிந்துகொள்வதுதான் என் பிழைப்பு, உனக்குத் தெரியாததா. நாளைக்கு ஓடமாட்டேன். அந்த இடத்தில் அப்படியே நிற்பது உன்னுடையது. உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். திருப்பித் தருகிற உத்தேசம் இல்லை.